மத்திய வங்கி ஆளுநர் நியமனமும் பகிரங்க விசாரணையும்

இலங்கை மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28 அன்று இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அதன் ஆளுநர் எவரும், பதவியேற்பதற்கு முன் நாடு பார்த்திருக்க ஒரு சபையின் முன் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னதில்லை. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்படி நிதி அமைச்சர் ஒருவரைச் சிபாரிசு செய்வார், நாட்டின் தலைவர் நியமிப்பார், வர்த்தமானி வெளிவரும்; நீண்ட காலம் இதுவே வழக்கமாக இருந்தது. அந்த வங்கியை வடிவமைத்து முதல் ஆளுநராகவும் இருந்த ஜோன் எக்ஸ்டர் அமெரிக்கப் பெடரல் ரிசர்விலிருந்து வந்தவர். அவருடைய நாட்டில் 1913 முதலே பெடரல் ரிசர்வ் சபை உறுப்பினர்களை செனட் சபை அங்கீகரிக்க வேண்டும். கொழும்புக்கு வந்த வரைவில் அந்தப் பகுதி இல்லை.

2022 ஒக்டோபரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 21ஆம் திருத்தமும், 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டமும் சேர்ந்து புதிய படியொன்றைக் கூட்டின. நிதி அமைச்சர் சிபாரிசு செய்பவரை ஜனாதிபதி நியமிப்பதற்கு முன் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் பெற வேண்டும். ஆளும் சபையின் ஏனைய ஆறு உறுப்பினர்களும் இதே வாசல் வழியாகவே வருகிறார்கள். ஆனால் பேரவை கூடுவது மூடிய கதவுக்குள். ஒப்புதல் இருக்கிறது, அதைப் பார்ப்பதற்குத்தான் வழியில்லை. இந்த நிலையில்தான் பிற நாடுகளில் வழக்கிலுள்ள பகிரங்க விசாரணை இங்கும் வேண்டுமா, அல்லது அது வெறும் கண்துடைப்பா என்ற கேள்வி எழுகிறது.

கண்துடைப்பு என்பவர்களிடம் வலுவான ஆதாரங்கள் உண்டு. அமெரிக்க செனட்டின் வங்கிக் குழு முன் வருபவர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார். கேட்பவர்களில் பாதிப்பேர் தம் தொகுதி வாக்காளருக்காகப் பேசுகிறார்கள். பதில்கள் யாரையும் புண்படுத்தாதபடி செதுக்கப்பட்டவை. எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும். 2025 செப்டம்பரில் ஸ்டீபன் மிரான் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் சபைத் தலைவர் பதவியைத் துறக்காமல், சம்பளமில்லா விடுப்பில் மட்டும் பெடரல் ரிசர்வ் சபைக்குச் செல்வதாகக் கூறினார். ஜனாதிபதியின் ஆலோசகர் எப்படிச் சுயாதீனமாக வாக்களிப்பார் என்று விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. கேள்வி சரியானது, முடிவில் 48க்கு 47 என்று ஏறக்குறைய கட்சிவாரியாகப் பிரிந்த வாக்கில் அவர் தெரிவானார்.

கென்யாவில் இதே நடைமுறை வேறொரு கோலத்தில் நடந்தது. 2015 ஜூனில் மத்திய வங்கி ஆளுநர் பதவிக்குப் பிரேரிக்கப்பட்ட பற்றிக் நிஜோரோகே, சர்வதேச நாணய நிதியத்தில் நீண்ட காலம் பணியாற்றிய பொருளியலாளர். ஐம்பது வயதைக் கடந்தும் ஏன் திருமணம் செய்யவில்லை, சொந்த நாட்டில் ஏன் சொத்து இல்லை என்பனவும் பாராளுமன்றக் குழு அவரிடம் கேட்டவற்றில் அடங்கும். கூத்துப் பார்க்க வந்தவர்களுக்கு அன்று குறையிருந்திருக்காது.

ஆயினும் வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்த நடைமுறையை எடை போடுவது தவறான கணக்கு. செனட் சபை நேரடியாகத் தோற்கடித்தவர்களைத் தேடினால் ஆளைக் காண்பதே அரிது. வாக்கெடுப்பு வரை வராமல் உதிர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும். 2010இல் நோபல் பரிசு பெற்ற பீற்றர் டயமண்ட், குடியரசுக் கட்சி செனட்டர்களின் எதிர்ப்பால் 2011 ஜூனில் ஒதுங்கிக்கொண்டார். ஜூடி ஷெல்ட்டனின் நியமனம் 2020 நவம்பரில் நடைமுறை வாக்கெடுப்பில் 47க்கு 50 என்று தடைப்பட்டு, பின்னர் எழவேயில்லை. சேரா புளூம் ராஸ்கின் 2022 மார்ச்சில் விலகினார். ஸ்டீபன் மூர், ஹேர்மன் கெயின் ஆகிய இருவரின் பெயர்கள் 2019இல் பேச்சளவில் அடிபட்டன. செனட் முன் போனால் என்ன கேட்கப்படும் என்று தெரிந்தபோதே, முறையான நியமனம் அனுப்பப்படாமல் அவை மறைந்தன. இந்தப் பட்டியலில் தகுதியுள்ளவரும் இருக்கிறார், தகுதி கேள்விக்குள்ளானவரும் இருக்கிறார். டயமண்டை இழந்தது நட்டம் என்றே பொருளியலாளர் பலர் கருதினர். ஆக, இந்தச் சல்லடை எப்போதும் நல்லதையே தங்கவைக்கும் என்று சொல்ல முடியாது. சல்லடையே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பிரித்தானிய அனுபவம் இலங்கைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பாராளுமன்றத்தின் திறைசேரிக் குழுவுக்கு நியமனத்தைத் தடுக்கும் அதிகாரமே இல்லை. 1990களின் இறுதியிலிருந்து இங்கிலாந்து வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவுக்கு நியமிக்கப்படுபவர்களை அது அழைத்துக் கேள்வி கேட்டு அறிக்கை வெளியிடுகிறது. 2000இல் கிறிஸ்தோபர் ஓல்சொப் பொருத்தமானவரல்லர் என்று குழு சொன்னது. நிதி அமைச்சர் கோர்டன் பிரௌன் பொருட்படுத்தவில்லை. ஓல்சொப் பதவிக்காலம் முழுவதும் இருந்தார். பல்லில்லாத குழு என்ற முடிவுக்கு வர இது போதும். ஆனால் பதினேழு ஆண்டுகள் கழித்து அதே குழுவின் முன் சார்லட் ஹொக் வந்தார்.

2013 முதல் இங்கிலாந்து வங்கியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த அவர், துணை ஆளுநராகத் தெரிவாகி 2017 பெப்ரவரி 28 அன்று குழு முன் தோன்றினார். அவருடைய சகோதரர் பார்க்லேஸ் வங்கியில் மூத்த பதவியில் இருந்தார். இங்கிலாந்து வங்கி மேற்பார்வை செய்யும் வங்கிகளில் பார்க்லேஸும் ஒன்று. இந்த உறவை அவர் வங்கிக்கு முறைப்படி எழுத்தில் அறிவிக்கவில்லை. வங்கியின் நடத்தை விதிகளைத் தயாரிப்பதில் பங்கெடுத்தவர் அவரே என்பது இதில் சங்கடமான விவரம். விதிகளுக்கு அமையவே நடந்துவந்ததாகக் குழு முன் சொன்ன பதில் பின்னர் நிற்கவில்லை. தவறைத் திருத்திக் கடிதம் எழுதினார். எதிர்பார்க்கப்படும் உயர்ந்த தரத்தை அவர் எட்டவில்லை என்று மார்ச் 14 அன்று குழு அறிவித்தது. அன்றே அவர் விலகினார். இலஞ்சம் இல்லை, ஊழல் இல்லை, சகோதரருக்குச் சலுகை காட்டியதாக எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. சொல்ல வேண்டிய ஓர் உறவைச் சொல்லாமல் விட்டதும், அது நாடறியக் கேட்கப்பட்டதும் போதுமாயிருந்தன.

ஐரோப்பிய மத்திய வங்கி விடயத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றம் கருத்து மட்டுமே கூறலாம். நிறைவேற்றுச் சபையில் ஒரு பெண்கூட இல்லை என்ற காரணத்தால் 2012 ஒக்டோபரில் ஈவ் மேர்ஷை அது நிராகரித்தது. அடுத்த மாதமே அரசுத் தலைவர்கள் அவரை நியமித்தார்கள். இந்தியாவில் விசாரணை என்ற பேச்சே இல்லை. ரிசர்வ் வங்கி ஆளுநரை மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு தீர்மானிக்கிறது. ஆளுநர் பாராளுமன்றத்தின் நிதிக்கான நிலைக்குழு முன் வருவதெல்லாம் பதவியில் அமர்ந்த பிறகு, பணமதிப்பிழப்பு பற்றி விளக்க 2017 ஜனவரியில் உர்ஜித் பட்டேல் வந்ததுபோல.

கொழும்பில் ஆளுநர் நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது பலாங்கொடைப் பக்கத்துப் பெட்டியாகலையிலோ ராசகலையிலோ கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு என்ன பொருட்டு? இரண்டு வழிகளில் அது நேராக அவருடைய கைக்கு வருகிறது. ஒன்று விலைவாசி. 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் 1000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு 1949 ரூபா தேவைப்பட்டது என்பதே இந்த எண்ணின் பொருள். சம்பளமோ அதே 1000 ரூபாவிலேயே நின்றது. லயத்தில் ரொட்டி சுடும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் இறக்குமதிப் பொருட்கள் என்பதால், ரூபா விழுந்ததன் முழு அடியும் அங்கேதான் இறங்கியது.

மற்றது ஊழியர் சேமலாப நிதியம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு சதவீதமும், தோட்ட நிருவாகத்தின் பங்காகப் பன்னிரண்டு சதவீதமும் மாதாமாதம் அதற்குச் செல்கின்றன. அந்தப் பணத்தை முதலிட்டு நிருவகிப்பது மத்திய வங்கி. மூன்று டிரில்லியன் ரூபாவைத் தாண்டிய இந்த நிதியத்தின் மிகப் பெரும் பகுதி அரசாங்கப் பிணைமுறிகளில் கிடக்கிறது. வட்டி வீதத்தை நிர்ணயிப்பதும், அரசின் சார்பில் பிணைமுறிகளை ஏலம் விடுவதும், தொழிலாளரின் சேமிப்பைக்கொண்டு அதே பிணைமுறிகளை வாங்குவதும் நீண்ட காலம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. கடன் முகாமைத்துவத்தை அங்கிருந்து பிரித்துத் திறைசேரியின் கீழ் தனி அலுவலகமாக்கும் சட்டம் 2024இல்தான் வந்தது. ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் பெண்ணுக்கு ஐம்பதிலும் பெறும் உரிமை வரும் இந்தச் சேமலாபப் பணம், தோட்டத்தை விட்டுப் போகும்போது கையில் கிடைக்கும் முக்கியமான பெருந்தொகை. பிள்ளையின் கலியாணம், நகைக்கடை அடகு, வீட்டுக் கூரை எல்லாம் அதை நம்பியே நிற்கின்றன.

இந்தப் பின்னணியில் 2015ஐப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜனவரியில் ஆட்சி மாறியதும், பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் தெரிவாக அர்ஜுன மகேந்திரன் ஆளுநரானார். அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். அவருடைய மருமகன் அர்ஜுன் அலோசியஸ், அரசாங்கப் பிணைமுறிகளை ஏலத்தில் வாங்க அனுமதி பெற்ற முதன்மை வணிகர்களில் ஒன்றான பேப்பச்சுவல் ட்ரெஷறிஸ் நிறுவனத்துடன் தொடர்புடையவர். இரண்டுமே இரகசியமல்ல. மருமகன் நிறுவனப் பதவியிலிருந்து விலகுவார் என்ற உறுதிமொழி பேசப்பட்டது. பதவி விலகலும் நடந்தது. ஆனால் பதவியை விடுவது வேறு, உரிமையை விடுவது வேறு. அந்த வேறுபாட்டை அதிகாரபூர்வமாகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவைக்கும் இடம் எதுவும் நாட்டில் இருக்கவில்லை.

2015 பெப்ரவரி 27 அன்று 30 ஆண்டுப் பிணைமுறி ஏலத்துக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட தொகை ஒரு பில்லியன் ரூபா. ஏற்றுக்கொள்ளப்பட்டதோ பத்து பில்லியனுக்குச் சற்று மேல். வட்டி வீதம் எதிர்பார்த்ததைவிட வெகுவாக உயர்ந்தது. ஏற்கப்பட்ட தொகையில் சுமார் பாதி பேப்பச்சுவல் ட்ரெஷறிஸுக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் சென்றது. பின்னர் இரண்டாம்நிலைச் சந்தையில் கைமாறிய பிணைமுறிகளை அதிக விலைக்கு வாங்கி முடித்தவர்களில் ஊழியர் சேமலாப நிதியமும் இருந்தது. இது தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்குகள் வேறு விடயம்; அவற்றின் தீர்ப்பை முன்கூட்டி எழுத வேண்டியதில்லை. இங்கே முக்கியம் காலவரிசை. அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு 2015இல் விசாரிக்கத் தொடங்கியது, பாராளுமன்றம் கலைக்கப்பட்டதால் அறிக்கை வெளிவரவில்லை. புதிய பாராளுமன்றத்தில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையிலான கோப் குழு 2016 ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்தது. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமர்ந்தது. அதன் அமர்வுகள் பகிரங்கமாக நடந்தன; நாடே தினமும் பின்தொடர்ந்தது; சாட்சியமளித்த அமைச்சர் ரவி கருணாநாயக்க சில நாட்களில் பதவி துறந்தார். 2017 டிசம்பர் 30 அன்று அறிக்கை கையளிக்கப்பட்டது.

இலங்கையில் பகிரங்க விசாரணை இல்லை என்பது ஆகவே முழு உண்மையல்ல. அது உண்டு, இரண்டு மூன்று ஆண்டு தாமதித்து வருகிறது. 2017இல் சட்டத்தரணிகள் மணிக்கணக்கில் துருவிய அதே விவரங்களில் ஒரு பகுதியை 2015 ஜனவரியில் மூன்று கேள்விகளில் கேட்டிருக்கலாம்: மருமகனுக்கு அந்த நிறுவனத்தில் உரிமைப் பங்கு இருக்கிறதா, அந்நிறுவனம் பங்குகொள்ளும் ஏலங்களில் ஆளுநர் எந்த அளவு விலகி நிற்பார், விலகி நிற்பதை யார் கண்காணிப்பார்? ஆளுங்கட்சிப் பெரும்பான்மை அவரை அங்கீகரித்தே இருக்கலாம். அப்படி அங்கீகரித்திருந்தாலும், விலகி நிற்பதாகச் சொன்ன பதில் ஹன்சாட்டில் அச்சாகியிருக்கும். பெப்ரவரி 27 காலையில் பொதுப் படுகடன் திணைக்களத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரிக்குக் காட்டிப் பேச ஒரு தாள் இருந்திருக்கும். ஹொக் விடயத்தில் சறுக்கியதும் இதே இடம், உறவினரின் வங்கித் தொடர்பு. லண்டனில் அது குழு முன் தோன்றிய இரு வாரத்தில் முடிந்தது.

2021 செப்டம்பரில் நடந்தது வேறு வகை. இராஜாங்க அமைச்சராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அஜித் நிவாட் கப்ரால் அந்தப் பதவிகளிலிருந்து விலகி, சில நாட்களில் இரண்டாம் தடவையாக ஆளுநரானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் பேராசிரியர் டபிள்யூ. டீ. லக்ஷ்மன். வெளிநாட்டுக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. நாணயத்தை அச்சிடுவது பணவீக்கத்தை உண்டாக்காது என்ற வாதம் அக்காலத்தில் உயர்மட்டத்திலிருந்தே கேட்டது. டொலர் 200 ரூபாவை ஒட்டிப் பிடித்துவைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் கையிருப்பிலிருந்து 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறிக் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. மார்ச்சில் அந்தப் பிடி கைவிடப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன.

அந்த செப்டம்பரில் பகிரங்க விசாரணை நடந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? நேர்மையான பதில், நியமனம் மாறியிருக்காது என்பதே. ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், ஜனாதிபதியின் அதிகாரத்தை விரித்த அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்தை மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றிய பாராளுமன்றம் அது. பெரும்பான்மையின் முன் விசாரணை கையெழுத்துச் சடங்காகவே முடிந்திருக்கும். இங்கே கண்துடைப்புக் கட்சியின் வாதமே வெல்கிறது. ஆனால் கையிருப்பு எந்த மட்டத்துக்கு இறங்கினால் கடன் செலுத்துவதை நிறுத்துவீர்கள், ரூபாவை எதுவரை பிடித்துவைப்பீர்கள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டிருப்பார். பதில் எதுவாயினும், மழுப்பலாயினும், பதிவில் இருந்திருக்கும். அப்படியொரு பதிவு இல்லாத நிலையில் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ ஆகியோருடன் முன்னாள் ஆளுநர்கள் கப்ரால், லக்ஷ்மன் மற்றும் வங்கியின் அன்றைய ஆளும் சபையான நாணயச் சபையினரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14 அன்று நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் ஐந்து நீதியரசர் குழாம் தீர்ப்பளித்தது. மீண்டும் விசாரணை கடைசியில்தான் வந்தது.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. 2016 ஜூலையில் ஆளுநரான இந்திரஜித் குமாரசுவாமியும், 2022 ஏப்ரல் 7 அன்று நியமிக்கப்பட்ட நந்தலால் வீரசிங்கவும் எந்த விசாரணையும் இன்றி வந்தவர்கள். பின்னவர் அமைச்சரவையே விலகியிருந்த வாரத்தில் வந்தார். மறுநாளே கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தி 13.50, 14.50 என்று ஆக்கினார். வாரக்கணக்கில் விசாரணை நடத்தும் நாடாக இருந்திருந்தால் அந்த ஏழு புள்ளிகள் எப்போது வந்திருக்கும் என்று கேட்பது நியாயமே. நல்ல ஆளைத் தருவது நடைமுறை அல்ல; நெருக்கடியும் சில வேளை நல்ல ஆளைத் தரும். நெருக்கடி வரும்வரை காத்திருப்பதன் விலையைக் கட்டியவர்கள் யார் என்பது 94.9 என்ற எண்ணில் இருக்கிறது.

இன்றைய அரசியலமைப்புப் பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர் தலைவர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், மேலும் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்கள், பாராளுமன்றத்துக்கு வெளியிலிருந்து மூவர். அமைப்பு மோசமானதல்ல. அரசாங்கம் நினைத்தவரையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் சபை என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அது சில பெயர்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறது. சிக்கல் அதன் இருட்டில் இருக்கிறது. தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மா அதிபராக்கும் பிரேரணை 2024இல் பேரவைக்கு வந்தபோது நால்வர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர், இருவர் ஒதுங்கினர். ஐந்து வாக்கு வேண்டிய இடத்தில் நான்கு வாக்கு போதுமா, சபாநாயகரின் தீர்மான வாக்கை அதனுடன் சேர்க்கலாமா என்ற சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை சென்று, ஜூலையில் இடைக்காலத் தடையில் முடிந்தது. எத்தனை பேர் எப்படி வாக்களித்தார்கள் என்ற அடிப்படைத் தகவலே சண்டை மூண்டதால்தான் மக்களுக்குத் தெரியவந்தது. மத்திய வங்கி விடயத்தில் இன்னும் அப்படியொரு சண்டை மூளவில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டம் பதவியேற்ற பிறகான பொறுப்புக்கூறலை வெகுவாக உயர்த்தியது என்பது உண்மை. திறைசேரிச் செயலாளர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அரசுக்கு நேரடியாகப் பணம் அச்சிட்டுக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. பணவீக்க இலக்கு ஐந்து சதவீதம் என்று நிதி அமைச்சருடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. மேலும் கீழுமாக இரண்டு புள்ளி விலகலாம். தொடர்ந்து இரு காலாண்டுகள் அந்த எல்லையைத் தாண்டினால் பாராளுமன்றத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து பல மாதங்கள் பணவீக்க வீதம் பூச்சியத்துக்கும் கீழே போனபோது இந்த விதி உடனே வேலைக்கு வந்தது. விலை ஏறியதற்கல்ல, போதிய அளவு ஏறாததற்கு மத்திய வங்கி விளக்கம் தர வேண்டியிருந்தது. 2024 தொடக்கத்தில் வங்கி ஊழியருக்குச் சுமார் 70 சதவீதச் சம்பள உயர்வு கொடுக்கப்பட்ட செய்தி வெடித்ததும், ஹர்ஷ டி சில்வா தலைமையிலான அரசாங்க நிதி பற்றிய குழு முன் ஆளுநர் வந்து பதில் சொன்னார். தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபா அப்போதும் மூன்று ஆண்டாக அசையாமல் இருந்தது.

ஆளுநரைப் பிறகு கேள்வி கேட்க இத்தனை வழியிருந்தால் முன்கூட்டிய விசாரணை எதற்கு என்று கேட்கலாம். பதில் அதே சட்டத்தில் உள்ளது. அது ஆளுநரை அசைக்க முடியாதவராக்குகிறது. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். சட்டத்தில் சொன்ன காரணங்களுக்காகவன்றி நீக்க முடியாது. அரசியல்வாதியின் கைக்கு எட்டாத இடத்தில் ஒருவரை வைப்பதே சுயாதீனம் என்றால், அவர் அந்த இடத்துக்கு ஏறும் படியில்தான் மக்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தருணம் உண்டு. உள்ளே போன பின் கேட்கப்படும் கேள்வி எவ்வளவு கூர்மையாயினும், கேட்பவருக்கு அவரை மாற்றும் உரிமை இல்லை. உள்ளே எடுக்கப்படும் முடிவுகள் எத்தகையவை என்பதற்கு ஓர் உதாரணம்: 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சேமலாப நிதியத்தின் பிணைமுறிகளில் பெரும்பகுதி, தொடக்கத்தில் 12 சதவீதம், அதன் பின் 9 சதவீதம் என்ற புதிய பிணைமுறிகளாக மாற்றப்பட்டது; வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகள் தொடப்படவில்லை. இணங்காத ஓய்வூதிய நிதியங்களுக்கு 14 சதவீத வரி 30 ஆகும் என்ற நிபந்தனையும் இருந்தது. வேறு வழியிருந்ததா என்பது தனி விவாதம். நிதியத்தின் அங்கத்தவர் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பகிரங்க விசாரணையால் வரக்கூடிய கேடுகளும் சில உண்டு. வட்டியைக் குறைப்பேன் என்று கமராவின் முன் வாக்குறுதி வாங்கும் முயற்சி நடக்கும். அப்படி வாக்களித்தவர் பதவிக்கு வந்தால் சுயாதீனம் அன்றே போய்விடும். தகுதியுள்ள சிலர் இந்த உபத்திரவமே வேண்டாம் என்று ஒதுங்குவார்கள். இலங்கையில் இன்னொன்றும் இருக்கிறது. மகேந்திரனும் குமாரசுவாமியும் தமிழர்கள். தமிழர் ஒருவரின் பெயர் பிரேரிக்கப்பட்டு, நேரலையில் விசாரணை நடந்தால், நாணயக் கொள்கைக்குப் பதில் இனமும் விசுவாசமும் விசாரிக்கப்படும் அபாயம் வெறும் கற்பனையல்ல. கென்யாவில் கலியாணத்தைக் கேட்டார்கள். இங்கே அதைவிட மோசமானதைக் கேட்க ஆள் இருக்கும். கேள்விகளின் எல்லையை முன்கூட்டி விதியாக எழுதாமல் கதவைத் திறப்பது புத்திசாலித்தனமல்ல.

அதனால்தான் மேடையைவிடத் தாளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஹொக்கை வீழ்த்தியது விசாரணையில் எழுந்த சொற்போர் அல்ல, எழுத்தில் இருந்திருக்க வேண்டிய ஓர் அறிவிப்பு. பிரேரிக்கப்பட்டவர் தம்மையும் நெருங்கிய உறவினரையும் பற்றி நிரப்பித் தரும் வினாக்கொத்து, கடந்த பத்தாண்டில் அவர் எழுதியவை பேசியவை, முதன்மை வணிகர் நிறுவனங்களுடனும் வங்கிகளுடனும் உள்ள தொடர்புகள், விலகி நிற்கும் ஏற்பாடு, ஊழியர் சேமலாப நிதியத்தின் முதலீட்டுக் கொள்கை பற்றிய நிலைப்பாடு ஆகியன பேரவை கூடுவதற்கு இரண்டு வாரம் முன் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். எதிர்கால வட்டி வீதம் பற்றிக் கேட்கக் கூடாது. இனம், மதம், குடும்ப வாழ்வு பற்றியும் கேட்கக் கூடாது. ஓர் அமர்வை, பாராளுமன்றத்தின் கோப் குழு போல் ஊடகத்துக்குத் திறந்து நடத்த வேண்டும். பின்னர் பேரவை மூடிய கதவுக்குள் கலந்து பேசி, வாக்கு எண்ணிக்கையையும் காரணத்தையும் எழுதி வெளியிடலாம். தடுக்கும் அதிகாரம் ஏற்கெனவே பேரவையிடம் இருப்பதால் பிரித்தானியக் குழுவைவிட அதன் கை ஓங்கியே இருக்கும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. தன் நடைமுறை விதிகளை ஆக்கி வர்த்தமானியில் வெளியிடும் அதிகாரம் பேரவைக்கு உண்டு. ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் சொத்து வெளிப்படுத்தல் பதவியேற்ற பின்னரானது என்பதால் அது இதற்கு ஈடாகாது.

வீரசிங்க 2022 ஜூலை தொடக்கம் ஆறு ஆண்டுகளுக்கு மீள நியமிக்கப்பட்டார். அந்தக் காலம் 2028 நடுப்பகுதியில் முடிகிறது. வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் நாணயக் கொள்கைச் சபையில் அமரும் நிபுணர்களின் இடங்களும் இடையிடையே வெற்றிடமாகும். ஆளுநரைவிடக் கவனம் குறைவாக விழும் அந்தச் சிறிய நியமனம் ஒன்றில் புதிய முறையைச் செய்துபார்க்க பேரவைக்குத் தடை எதுவும் இல்லை.